நிறையே இல்லாத ஒளி பாய்மரத்தைத் தள்ளுவது எப்படி?

மாடிவெயில்:
வணக்கம். என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மாடியில் வடகம் பிழிந்து காயப் போட்டுக்கொண்டிருந்தோம். அப்போது அவள் கேட்டது இது: "இயக்க ஆற்றல் வேண்டுமென்றால் நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கச் சொல்கிறார்கள். ஒளித்துகளுக்கு, அந்த ஃபோட்டானுக்கு, நிறை சுழியம் என்றும் சொல்கிறார்கள். பெருக்கினால் சுழியம்தானே வரும்? அப்புறம் வடகத்தை எதும்மா காய வைக்கிறது?"

நான் வேதியியல் படித்தவள். "அது வேறு வகையான ஆற்றல்" என்று சொல்லிவிட்டேன். அது பதிலே இல்லை என்று அவளுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. கூடவே இன்னொன்றும் கேட்டாள். ஜப்பான் 2010இல் இகாரோஸ் என்ற விண்கலத்தை அனுப்பியது. மெல்லிய பாய் ஒன்றை விரித்து, அதன் மேல் சூரிய ஒளி விழுந்து தள்ளியே அது வேகம் கூட்டிக்கொண்டதாம். நிறையே இல்லாத ஒன்று எப்படி இன்னொன்றைத் தள்ளும்?

தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள். கணக்கு வந்தாலும் பரவாயில்லை, இருவரும் சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.

பட்டறை:
இது எளிதுதான் அக்கா. ஆற்றல் என்பது நிறை பெருக்கல் ஒளிவேகத்தின் வர்க்கம். ஐன்ஸ்டைன் சொன்னது. ஃபோட்டானுக்கு ஆற்றல் இருக்கிறது என்றால், அதை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால் நிறை வந்துவிடும். ஓய்வு நிறைதான் சுழியம். ஓடும்போது அதற்கும் நிறை உண்டு.

சாக்பீஸ்:
தம்பி பட்டறை சொன்னது தப்பென்று தள்ளிவிட முடியாது. பழைய பாடநூல்களில் அப்படித்தான் இருந்தது. நானும் வகுப்பில் பல வருடம் அப்படியே சொல்லிக் கொடுத்தேன். ஆனால் கேள்வி கேட்ட பிள்ளைக்கு அது உதவாது. "ஆற்றல் இருப்பதால் நிறை இருக்கிறது, நிறை இருப்பதால் ஆற்றல் இருக்கிறது" என்று வட்டமடித்து நின்றுவிடும். ஓடும்போது கூடுகிற நிறை என்ற பேச்சை இன்றைய துகள் இயற்பியலில் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். நிறை என்றாலே ஓய்வு நிறை ஒன்றுதான்.

முழுச் சமன்பாடு இது (உந்தம் என்பது ஓடுகிற ஒன்று மோதும்போது தள்ளக்கூடிய அளவு; மெதுவாக ஓடும் சாதாரணப் பொருளுக்கு நிறை × வேகம்):

ஆற்றலின் வர்க்கம் = (உந்தம் × ஒளிவேகம்) இதன் வர்க்கம் + (நிறை × ஒளிவேக வர்க்கம்) இதன் வர்க்கம்.

ஊர் முழுக்கத் தெரிந்த அந்தச் சின்னச் சமன்பாடு இதன் ஒரு பாதி மட்டுமே. பொருள் அசையாமல் நிற்கும்போது, அதாவது உந்தம் சுழியமாக இருக்கும்போது, செல்லுபடியாகிற பாதி. ஒளி மறுபாதி. அதில் நிறையைச் சுழியம் என்று வையுங்கள். ஆற்றல் = உந்தம் × ஒளிவேகம் என்று மிஞ்சும். எதுவும் காணாமல் போகவில்லை.

ஒரு செங்கோண முக்கோணம் வரையச் சொல்லுங்கள். கர்ணம் ஆற்றல். ஒரு பக்கம் நிறை, மறுபக்கம் உந்தம். தெருவில் ஓடும் பேருந்துக்கு நிறைப் பக்கம் மிக நீளம், உந்தப் பக்கம் கண்ணுக்கே தெரியாத அளவு சிறிது. அப்போது கர்ணம் நிறைப் பக்கத்தைவிட எவ்வளவு கூடுதல் என்று கணக்குப் போட்டால், உங்கள் மகள் படித்த "பாதி நிறை, வேக வர்க்கம்" வந்து நிற்கும். அது ஒரு தோராயம். ஒளியைவிட மிக மெதுவாகப் போகிற, நிறை உள்ள பொருளுக்காகச் செய்த தோராயம். அதை ஒளியிடம் கொண்டுபோய் வைத்ததால்தான் சுழியம் வந்தது. பிள்ளையின் பெருக்கல் சரி. அந்தச் சூத்திரத்துக்கு எல்லை எது என்று யாரும் சொல்லாததுதான் குறை.

வடமராட்சி:
வணக்கம் ஐயா. நான் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படிக்கிறேன். முதலில் ஒரு சொல் விளக்கம், வாசிக்கிற மற்றவர்களுக்காக. நீங்கள் நிறை என்பதை நாங்கள் திணிவு என்போம். எங்கள் புத்தகத்தில் நிறை என்றால் எடை. ஆற்றலைச் சக்தி என்போம். இந்த இழையை முதலில் வாசித்தபோது "ஒளிக்கு எடை இல்லை" என்று எடுத்துக்கொண்டு கொஞ்சம் தடுமாறிவிட்டேன்.

என் கேள்வி இதுதான். சக்திக்கு இன்னொரு சமன்பாடும் படித்திருக்கிறோம். திணிவையும் ஒளிவேக வர்க்கத்தையும் பெருக்கி, கீழே ஒரு வர்க்கமூலத்தால் வகுப்பது. வேகம் ஒளிவேகத்தை எட்டினால் அந்த வர்க்கமூலம் பூச்சியமாகிவிடும். ஒளிக்கு மேலேயும் பூச்சியம், கீழேயும் பூச்சியம். இதற்கு என்ன அர்த்தம்?

சாக்பீஸ்:
நல்ல கேள்வி, கவனித்துப் படித்திருக்கிறீர்கள். சுழியத்தைச் சுழியத்தால் வகுத்தால் விடை சுழியமும் அல்ல, முடிவிலியும் அல்ல. "இந்த வழியில் விடை கிடைக்காது" என்பதுதான் அதன் பொருள். நிறை உள்ள பொருளுக்கு வேகத்தைச் சொன்னால் ஆற்றலைச் சொல்லிவிடலாம். ஒளிக்கு அது நடக்காது. சிவப்பு ஒளி, ஊதா ஒளி, எக்ஸ் கதிர், வானொலி அலை எல்லாமே வெற்றிடத்தில் ஒரே வேகம்தான், ஆனால் ஒவ்வொன்றின் ஃபோட்டானுக்கும் ஆற்றல் வேறு. ஆகவே வேகத்தை வைத்து ஒளியின் ஆற்றலைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. அதிர்வெண்ணைத்தான் கேட்க வேண்டும். உங்கள் பாடத்தில் மீடிறன்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறை இல்லாத துகளுக்கு ஆற்றலும் உந்தமும் இருக்க வேண்டுமென்றால், அது ஒளிவேகத்தில் போயே ஆக வேண்டும். அதைவிடக் குறைந்த எந்த வேகத்தை வைத்தாலும் உங்கள் சமன்பாட்டில் விடை சுழியம்தான்.

நாகைக்கரை:
நான் விஞ்ஞானம் படித்தவன் இல்லை, கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவன். அலை எதைச் சுமக்கிறது என்பதை எங்கள் ஊர் பார்த்த விதத்தில் சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26, காலை சுமார் ஆறரைக்குச் சுமத்ரா பக்கம் கடலடி நடுங்கியது. சுமார் இரண்டரை மணி நேரத்தில் தமிழ்நாட்டுக் கரையில் அலை. நடுவில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல். எங்கள் தெருவில் ரொம்ப நாள் பலரும் நினைத்தது, சுமத்ராவில் இருந்த தண்ணீரே இங்கே ஓடி வந்துவிட்டது என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு தேடிப் படித்தேன், அதைப் புரிந்துகொள்ளாமல் எனக்கு மனசு ஆறவில்லை.

அந்தத் தண்ணீர் வரவில்லை. ஆழ்கடலில் அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. 4000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் போகும். ஜேசன்-1 என்ற செயற்கைக்கோள் நிலநடுக்கத்துக்குச் சுமார் 2 மணி நேரம் கழித்து வங்காள விரிகுடாவுக்கு மேலே கடந்தபோது அளந்த உயரம் 60 சென்டிமீட்டர் அளவுதான். அந்த ஆழத்தில் தண்ணீர் பத்துப் பதினைந்து மீட்டர் அப்படியும் இப்படியும் நகர்ந்திருக்கும், அவ்வளவே. நடுக்கடலில் இருந்த படகுக்காரர்களுக்குக் காலடியில் ஒன்று கடந்து போனது தெரியவே இல்லை. கரையருகே ஆழம் குறையக் குறைய அலை வேகம் இழந்து, அதே ஆற்றல் குறுகிய இடத்தில் குவிந்து, உயரமாக எழுந்தது. அங்கேதான் நம் கரைத் தண்ணீரே நம் மேல் வந்து விழுந்தது.

வந்தது ஆற்றல் மட்டும். அலை என்றால் இதுதான் என்று நான் புரிந்துகொண்டேன். சரியா என்று வாத்தியார் சொல்ல வேண்டும்.

சாக்பீஸ்:
ஐயா, சரியாகச் சொன்னீர்கள். இதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது.

பட்டறை:
சரி, ஓய்வு நிறை விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நாகைக்கரை அண்ணன் சொன்ன அலையில் தண்ணீர் இருக்கிறது, தண்ணீருக்கு நிறை இருக்கிறது. கயிற்றில் அலை போனாலும் கயிறுக்கு நிறை உண்டு. ஒரு துளி அடுத்த துளியைத் தள்ளுகிறது, ஆற்றல் கைமாறுகிறது. சூரியனுக்கும் பூமிக்கும் நடுவில் என்ன இருக்கிறது கைமாற? வெற்றிடம்தானே?

வயர்மேன்:
இதற்கு என் தொழிலிலிருந்து ஒன்று சொல்லலாம். வீட்டு வயரில் 5 ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரான் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று நினைக்கிறீர்கள்? ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் நொடிக்குக் கால் மில்லிமீட்டர். எறும்பு முந்திவிடும். அதுவும் நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடுவது. அந்த எலக்ட்ரான் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தூரத்துக்குள் ஆடிக்கொண்டே இருக்கும், மின்நிலையத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வந்து சேராது. ஆனால் ஸ்விட்சைப் போட்ட உடனே மின்விசிறி சுற்றுகிறது.

ஆற்றல் வருவது கம்பியைச் சுற்றியிருக்கும் மின்புலத்திலும் காந்தப்புலத்திலும். இதை 1884இலேயே பாயின்டிங் என்ற ஆங்கிலேயர் கணக்காக எழுதிவிட்டார். மின்புலமும் காந்தப்புலமும் எந்தத் திசையில் இருக்கின்றன என்று தெரிந்தால், ஆற்றல் எந்தப் பக்கம், எவ்வளவு பாய்கிறது என்று சொல்லிவிடலாம். இருபது வருடம் கம்பி இழுத்த பிறகுதான் இதைப் படித்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பட்டறை கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில். சூரிய ஒளியில் கைமாறுவது துளியிலிருந்து துளிக்கு அல்ல. மாறுகிற மின்புலம் காந்தப்புலத்தை எழுப்புகிறது, மாறுகிற காந்தப்புலம் மின்புலத்தை எழுப்புகிறது. ஆற்றல் அந்தப் புலத்திலேயே இருக்கிறது. புலம் இருக்க வெற்றிடமே போதும்.

பட்டறை:
இது புரிகிறது. நன்றி அண்ணா. பாய்மர விஷயத்துக்கு நானும் ஒன்று சேர்க்கிறேன். கண்ணாடிக் குமிழுக்குள் நான்கு தகடு, ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளி, வெயிலில் வைத்தால் சுற்றும். அறிவியல் கண்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஒளி தள்ளுவதற்குக் கண் முன்னால் சாட்சி.

தொலைநோக்கி:
அதைச் சாட்சியாக வைக்காதீர்கள், நிறையப் பேர் அங்கேதான் வழுக்குகிறார்கள். அது 1870களில் க்ரூக்ஸ் செய்த கருவி. அதைச் சுற்ற வைப்பது ஒளியின் அழுத்தம் அல்ல. எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். ஒளி வெள்ளிப் பக்கத்தில் பட்டால் திரும்பிப் போகிறது, கறுப்பில் பட்டால் அங்கேயே நின்றுவிடுகிறது. பந்து சுவரில் பட்டு எகிறினால் சுவருக்குக் கிடைக்கும் தள்ளு, பந்து சுவரில் ஒட்டிக்கொண்டால் கிடைப்பதைவிட இரு மடங்கு. ஆகவே ஒளி தள்ளினால் வெள்ளிப் பக்கம்தான் பின்வாங்க வேண்டும். அந்தக் கருவியில் கறுப்புப் பக்கம் பின்வாங்குகிறது! காரணம், குமிழுக்குள் மிச்சமிருக்கும் கொஞ்சம் காற்று. கறுப்புப் பக்கம் சூடாகி, தகட்டின் விளிம்பில் காற்றை நகர்த்துகிறது. காற்றை இன்னும் நன்றாக வெளியேற்றினால் சுற்றுவது நின்றுவிடும்.

உண்மையான ஒளியழுத்தத்தைப் பிரித்து அளப்பது அவ்வளவு கடினம். இயற்பியலாளர் மாக்ஸ்வெல் ஒளி அழுத்தும் என்று 1873இல் எழுதிவைத்தது, 1901இல்தான் மாஸ்கோவில் லெபெதெவும் அமெரிக்காவில் நிக்கல்ஸ், ஹல் இருவரும் அளந்து காட்டினார்கள். பூமி இருக்கும் தூரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு நொடிக்கு 1361 ஜூல் சூரிய ஆற்றல் வருகிறது. அதை ஒளிவேகத்தால் வகுத்தால் அழுத்தம், சுமார் 4.5 மைக்ரோபாஸ்கல். கண்ணாடிபோல் திருப்பி அனுப்பினால் 9.

இகாரோஸ் பாய் 14 மீட்டருக்கு 14 மீட்டர் சதுரம். தடிமன் 7.5 மைக்ரோமீட்டர். அளந்த தள்ளுவிசை 1.12 மில்லிநியூட்டன். கலத்தின் மொத்த நிறை 300 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். மிகச் சின்னத் தள்ளுதான், ஆனால் நிற்காத தள்ளு. ஒரு மாதம் தொடர்ந்தால் வேகம் நொடிக்கு 9 மீட்டர் கூடும், மணிக்கு 34 கிலோமீட்டர். அடுத்த மாதம் இன்னொரு 34. எரிபொருள் ஒரு சொட்டுக்கூடச் செலவில்லை.

எனக்கு இதில் மிகப் பிடித்தது வேறு. பாய் வேகம் பெறுகிறது என்றால் அதன் இயக்க ஆற்றல் கூடுகிறது. அது எங்கிருந்து வந்தது? கண்ணாடி ஒளியை அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறதே? அப்படியே திருப்பி அனுப்பவில்லை என்பதுதான் பதில். பாய் விலகி ஓடிக்கொண்டிருப்பதால், திரும்பி வரும் ஒளி கொஞ்சம் சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும். அதிர்வெண் குறைந்தால் ஒவ்வொரு ஃபோட்டானின் ஆற்றலும் குறையும். அந்தக் குறைவைக் கூட்டிப் பாருங்கள், பாய் பெற்ற ஆற்றலோடு அப்படியே பொருந்தும். நான் முதன்முதலில் கையால் போட்டுப் பார்த்தபோது இரண்டு பக்கமும் ஒரே எண் வந்து நின்றது. அந்த மகிழ்ச்சியை உங்கள் மகளும் அனுபவிக்க வேண்டும்.

மாடிவெயில்:
எல்லோருக்கும் நன்றி. முக்கோணத்தை வரைந்து காட்டினேன், அவளுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் இன்னொரு முரண்பாட்டைப் பிடித்துவிட்டாள். கயிற்றலை, கடலலை எதிலும் வீச்சு, அதாவது அலை எழும் அளவு, கூடினால்தான் ஆற்றல் கூடும், வீச்சின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஃபோட்டானுக்கு மட்டும் அதிர்வெண்ணைப் பொறுத்தது என்கிறீர்கள். ஒளி அலை என்றால் முதலாவது, துகள் என்றால் இரண்டாவது. எது சரி?

சாக்பீஸ்:
இரண்டும் சரி. வெவ்வேறு கேள்விக்கு விடை அவை.

மொத்தம் எவ்வளவு ஆற்றல் வந்து சேர்கிறது என்று கேட்டால், புலத்தின் வீச்சு. அது எத்தனை துண்டாக வருகிறது, ஒரு துண்டு எவ்வளவு பெரியது என்று கேட்டால், அதிர்வெண். ஒரு நிறத்துக்கு வீச்சு கூடினால் ஃபோட்டான்களின் எண்ணிக்கை கூடும், ஒவ்வொன்றின் அளவு மாறாது. 1 வாட் பச்சை ஒளியில் நொடிக்குச் சுமார் 2.8 × 10¹⁸ ஃபோட்டான். இவ்வளவு இருப்பதால்தான் நமக்கு அது தொடர்ந்த ஓட்டமாகத் தெரிகிறது, மணலைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே பரப்பாகத் தெரிவது போல.

துண்டின் அளவுதான் முக்கியம் என்று காட்டியது ஒளிமின் விளைவு. 1902இல் லெனார்டு உலோகத்தின் மேல் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தார். வெளிச்சத்தைக் கூட்டினால் வெளியேறும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை கூடியது, ஒவ்வொன்றின் ஆற்றல் கூடவில்லை. அலையை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு அது புதிர். 1905இல் ஐன்ஸ்டைன் ஒளியாற்றல் துண்டு துண்டாகத்தான் கைமாறுகிறது என்றார். அவருக்கு நோபல் கிடைத்தது இதற்காகத்தான், சார்பியலுக்காக அல்ல.

நடைமுறையில் பாருங்கள். பச்சை ஒளியின் ஒரு ஃபோட்டானுக்கு 900 மெகாஹெர்ட்ஸ் கைபேசி அலையின் ஃபோட்டானைவிட ஆற்றல் சுமார் 6 லட்சம் மடங்கு. புறஊதாவுக்கு அதைவிடவும் கூடுதல், அதனால்தான் அது தோலில் வேதிப்பிணைப்பை உடைக்கிறது. கைபேசி அலையை எவ்வளவு கூட்டினாலும் சூடு ஏற்றலாமே தவிர அந்த வேலையைச் செய்யாது.

கொல்கத்தாவில் 1928 பிப்ரவரி 28 அன்று நம் ராமன் உறுதிசெய்ததும் இதே கொடுக்கல்வாங்கல்தான். அவர் திருச்சியில் பிறந்தவர். உடன் உழைத்த கிருஷ்ணனும் தமிழ்நாட்டுக்காரர். ஒரே நிறமுள்ள ஒளியைத் திரவத்துக்குள் அனுப்பினார்கள். சிதறி வந்ததில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வந்தது. குறைந்த ஆற்றல் எங்கே போனது? மூலக்கூற்றின் அதிர்வுக்குப் போனது. இன்று எந்தப் பொருள் என்று தெரியாத ஒரு பொடியை ராமன் கருவியில் வைத்தால், ஒவ்வொரு மூலக்கூறும் ஃபோட்டானிடமிருந்து எவ்வளவு எடுத்துக்கொண்டது என்பதை வைத்தே இன்னதென்று சொல்லிவிடுகிறார்கள். அக்கா வேதியியல் படித்தவர், அவருக்கே தெரிந்திருக்கும்.

மாடிவெயில்:
தெரியும் ஐயா. ஆய்வகத்தில் அந்த நிறமாலையை எத்தனையோ முறை எடுத்திருக்கிறேன். அது ஃபோட்டான் கொடுத்த ஆற்றலின் கணக்கு என்று இப்படி நினைத்துப் பார்த்ததில்லை.

வடமராட்சி:
ஒன்று மட்டும் மிச்சம். ஒளிக்குத் திணிவு இல்லை, சரி. ஆனால் சூரியன் ஒளியை வெளிவிடுவதால் அதன் திணிவு குறைகிறது என்று படித்தேன். திணிவு இல்லாத ஒன்று வெளியேறினால் திணிவு எப்படிக் குறையும்?

தொலைநோக்கி:
தனித்தனியாக நிறை இல்லாதவை கூட்டாக இருக்கும்போது அந்தக் கூட்டுக்கு நிறை உண்டு. உள்ளே முழுக்கக் கண்ணாடி பதித்த பெட்டி ஒன்றில் ஒளியை அடைத்துவைத்தால், ஒளி எல்லாத் திசையிலும் ஓடுவதால் மொத்த உந்தம் சுழியம், ஆனால் ஆற்றல் இருக்கிறது. சாக்பீஸ் ஐயா எழுதிய சமன்பாட்டில் போடுங்கள், பெட்டிக்குள் இருக்கும் ஒளிக்கூட்டத்துக்கு நிறை வந்துவிடும். அந்தப் பெட்டி காலிப் பெட்டியைவிடக் கனமாகத்தான் இருக்கும். நிறை என்பது பழங்களை எண்ணிக் கூட்டுவது போலக் கூட்டக்கூடிய ஒன்று அல்ல. சூரியனிடமிருந்து ஆற்றல் போவதால் அதன் நிறை குறைகிறது, நொடிக்கு 40 லட்சம் டன்னுக்கு மேல்.

ஒளி மட்டும் இல்லை. 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ ஆய்வகக் கருவிகள் பதிவுசெய்த ஈர்ப்பலையை, அதாவது வெளியிலேயே பரவும் ஈர்ப்பின் அலையைப் பாருங்கள். 36 சூரிய நிறையுள்ள கருந்துளையும் 29 சூரிய நிறையுள்ள கருந்துளையும் ஒன்றாகி, 62 ஆனது. மிச்சம் 3 சூரியன்கள் ஈர்ப்பலையாகவே போய்விட்டன, ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில். சுமார் 130 கோடி ஒளியாண்டு பயணம் செய்து இங்கே வந்தபோது, அந்தக் கருவியின் 4 கிலோமீட்டர் நீளக் கையை ஒரு புரோட்டான் விட்டத்தில் சில நூறில் ஒரு பங்கு அசைத்தது. அதைக்கூட அளந்திருக்கிறார்கள் மனிதர்கள்! இதை எழுதும்போதும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

மாடிவெயில்:
மகள் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். இகாரோஸ் பாய் 196 சதுர மீட்டர், 9.07 மைக்ரோபாஸ்கல், ஆக 1.78 மில்லிநியூட்டன் வருகிறது. அளந்தது 1.12 என்கிறீர்கள். எங்கே தப்பு?

தொலைநோக்கி:
தப்பில்லை அம்மா. அது குறையே இல்லாத கண்ணாடி, சூரியனுக்கு நேர் எதிராக நின்றால் வரும் எண். உண்மைப் பாய் கொஞ்சம் உறிஞ்சும், சுருக்கம் இருக்கும், சற்றுச் சாய்ந்து நின்றாலும் விசை குறையும். அதன் மேல் மெல்லிய சூரிய மின்கலங்களையும் ஒட்டியிருந்தார்கள். விளிம்பில் திரவப் படிகப் பலகைகளும் உண்டு. அவற்றைப் பளபளப்பாக்கியும் மங்கலாக்கியும் ஒரு பக்கத் தள்ளைக் கூட்டிக் குறைத்துத்தான் கலத்தைத் திருப்பினார்கள். பந்து எகிறுவதற்கும் ஒட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் அங்கே சுக்கான்.

மாடிவெயில்:
அப்படியானால் எங்கள் மாடிக்கும் போட்டுவிட்டாள். 60 சதுர மீட்டர் தளம், உச்சிவெயில் சதுர மீட்டருக்கு 1000 வாட், எல்லாவற்றையும் தரை உறிஞ்சுகிறது என்று வைத்தாள். மொத்த மாடியின் மேலும் வெயில் அழுத்துவது 20 மில்லிகிராம் எடை அளவு. ஒரு அரிசி மணி. சரியா?

சாக்பீஸ்:
சரி. நானும் போட்டுப் பார்த்தேன், அதே விடைதான். அதே வெயில் அந்த மாடியில் நொடிக்கு 60,000 ஜூல் கொட்டுகிறது, அதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். தள்ளு ஒரு அரிசி மணி அளவு, சூடு அவ்வளவு. இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஒளிவேகம் என்ற பெரிய எண்ணால் வகுப்பது ஒன்றுதான்.